ஒரு சீசா கிளிசரினும் ஏழு சரணமும்

தங்கவயல் சுரங்கத்து வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் தண்ணீர்க் குழாயடியில் என்னோடு குடம் முட்டிச் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருப்பவர்களுக்கும் என்னைப் போலவே பல் போயிருக்கும், காது மந்தமாகியிருக்கும். பரவாயில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் போதும். நான் சொல்வதில் தப்பு இருந்தால் நேரில் வந்து சண்டை போடுங்கள், பழைய பழக்கம்தானே.

இப்போதெல்லாம் மருந்துக் கடையில் கிளிசரின் என்று வாயெடுப்பதற்குள் எடுத்து மேஜைமேல் வைத்துவிடுகிறார்கள். பனிக்கு உதட்டில் தடவிக்கொள்கிறோம், மிச்சத்தை அலமாரியில் மறந்துவிடுகிறோம். எனக்கு மட்டும் அந்தச் சீசாவைக் கையில் வாங்கும்போது நெஞ்சு நிமிரும். அப்படி ஒரு சீசாவுக்காக எங்கள் அம்மா தங்கவயலையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைசியில் ஜெயித்தாள். அந்த ஒரு தை மாதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். முந்தின வருஷம் கல் சரிந்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கீழே இறங்குகிறவனுக்குத்தான் லைன் வீடு, இறங்காதவனுக்கு இல்லை. தகரக் கூரையும் மூங்கில் தட்டியுமான அந்த ஒற்றை அறையைத் தை முடிவதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். குடியாத்தம் பக்கம் எங்களுக்கு ஓர் ஊர் இருந்தது என்று பேர். அங்கே எங்கள் பங்குக்கு இருந்தது பெரியப்பாவின் மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலை. ஊருக்குள் பள்ளிக்கூடம் கிடையாது. இருந்த ஒன்றும் நாலு மைல் தள்ளி என்று சொன்னார்கள்.

எங்களைத் தாங்கி நின்றது அம்மாவுக்குக் கேப்டன் பங்களாவில் கிடைத்த சமையல் வேலை. கேப்டன் என்றால் கப்பல்காரர் இல்லை. சுரங்கத்துக்குள் வேலை வாங்குகிற பெரிய துரையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முன்பிருந்த சமையல்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கேப்டனின் மனைவி, துரைசானி, அம்மாவை வேலைக்கு எடுக்கும்போதே தனக்குத் தெரிந்த தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மக கல்யாணம் வரைக்கும் பாக்கலாம். அப்புறம் சொல்றேன்." வேலை நிலைத்தால் பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட அறை ஒன்று எங்களுக்கு. நிலைக்காவிட்டால் மாட்டுக் கொட்டகை.

பங்களாச் சமையலறையில் பெண்பிள்ளை நிற்பது அன்றைக்கு ஊரே பார்க்காத சங்கதி. அம்மா அங்கே நுழைந்தது ரொட்டியால். துரைசானி சீமையிலிருந்து தகர டப்பாவில் கொண்டுவந்த ஈஸ்ட் வழியிலேயே செத்துப்போய்விட்டதாம். அவர் சுட்ட ரொட்டி அம்மிக்கல் கனம் இருந்தது. துவைக்கத் துணி வாங்கப் போன அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் பண்றேங்க" என்றாள். மறுநாள் ரொட்டி பூரித்து எழுந்து நின்றது. எப்படி என்று கேட்டதற்கு, "ஈச்ச மரத்துத் தண்ணிங்க" என்று பதில் சொன்னாள். அது கள். துரைசானியோ சாராய வாடையே ஆகாது என்று கிறிஸ்தவ சபையில் கையெழுத்துப் போட்ட குடும்பம். நாங்களும் அதே சபைதான், அம்மாவும் கைநாட்டு வைத்தவள்தான். துரைசானி மறுபடி எதுவும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நான்கு மாதமாகக் கள் விட்ட ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜெபம் நடந்தது.

துரைசானியிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது, அவருடைய அம்மா கையால் எழுதியது. அதில் ஒரு பொருளின் பெயரைப் படிப்பார், உத்தரத்தைப் பார்ப்பார், நோட்டை மூடிவைப்பார். அவர்கள் ஊரில் தெருமுனைக் கடையில் கிடைத்தது எதுவும் இங்கே இல்லை. அம்மா ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்தாள். பழத்தோல் வற்றலுக்கு நார்த்தங்காய்த் தோலைப் பாகில் போட்டு எடுத்தாள். மாவுச் சர்க்கரைக்குச் சீனியைத் திருகையில் அரைத்து மல் துணியில் மூன்று தரம் சலித்தாள். நாங்கள் வீடு திரும்பும்போது என் தலைமயிரெல்லாம் வெள்ளையாக இருக்கும், எறும்பு பின்னாலேயே வரும். ஒரு நாள் துரைசானி சாமான் அறையில் மாவுப் பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், முகம் சிவந்திருந்தது. எங்கள்மேல் கோபம் என்று பயந்து நான் வாசல் பக்கம் ஓடிப்போனேன். அவர் அழுதுகொண்டிருந்தார் என்பது, நானே கல்யாணமாகி ரங்கூனில் புளிக்கும் பெருங்காயத்துக்கும் கடை கடையாக ஏறி இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒத்திகைக்கு ஒரு கேக் செய்து பார்த்தார்கள். உள்ளே பழமும் பாதாமும் போட்ட கறுப்புக் கேக். மேலே முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் அடித்துப் பூசிய ஐசிங். பார்க்கச் சுண்ணாம்பு அடித்த சுவர் தோற்றுவிடும். ஆனால் தங்கவயல் பனிக்காற்று வறட்டுக் காற்று. மூன்று நாளில் அந்தப் பூச்சு கல்லாக இறுகிவிட்டது. கத்தி வழுக்கிற்று. கேப்டன் தம் தாது பார்க்கும் சுத்தியலைக் கொண்டுவரச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினார். உடைந்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதில் டன்னுக்கு எவ்வளவு தங்கம் தேறும் என்று கேட்டாராம். கேட்டுவிட்டு வாயில் போட்டுக் கடித்தார். முன்பல் ஒன்றில் ஓரம் போயிற்று.

துரைசானிக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டினார். ஐசிங் இளக்கமாக நிற்க அதில் ஒரு சின்னக் கரண்டி கிளிசரின் விட வேண்டும். கொண்டுவந்த சீசாவைக் கப்பலில் மகளின் கைக்குத் தடவியே தீர்த்துவிட்டிருந்தார்.

"கிளிசரின் வேணும்" என்றார். "கெடைக்கலேன்னா, கேக் பெங்களூர்ல இருந்து வரும். குக்கும் பெங்களூர்ல இருந்து வருவான்."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நாக்கு இருந்தது. அந்தக் காலி சீசாவை வாங்கி, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு அலசி, வாயில் ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். "தித்திப்பு. வாசனை இல்ல. நாக்குல சூடா எறங்குது" என்று எனக்குச் சொன்னாள். சீசாவை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து தேடல்.

முதலில் ராபர்ட்சன்பேட்டை. அப்போதுதான் கோடு கிழித்துத் தெரு போட்டு, கடைகள் வரிசையாக முளைத்திருந்தன. எண்ணெய்க் கடைக்காரர் கேட்ட உடனே, "கிளிசரின்தானே, சீமைச் சரக்கு" என்று ஒரு குப்பியைக் கொண்டுவந்தார். அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"வெளக்கெண்ணெய்ங்க இது."

"கல்யாணக் கேக்குக்கு நல்லதும்மா, கொழகொழன்னு இருக்கும்."

"அப்ப ஒரு கரண்டி நீங்க குடிங்க. காலையில வந்து சேதி கேட்டுக்கறேன்."

அடுத்து கம்பெனி ஆஸ்பத்திரி. துரைசானி தம் கையால் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கம்பவுண்டர் சீட்டைப் படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். மேல் தட்டில் அந்தச் சீசா நிற்பது எங்களுக்கே தெரிந்தது. அரைச் சீசாவுக்கும் குறைவாக இருந்தது.

"இருக்கறது அவ்ளோதாம்மா. கேக்குக்குக் குடுக்கறதுக்கு இல்ல. தொரசானி கேட்டாலும் இதான், தொரையே வந்து கேட்டாலும் இதான்."

அந்த மனிதரை நான் மூன்று வருஷம் வெறுத்தேன். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒரு நாள் அப்பா சொன்னார், தம் காலுக்குப் போட்ட மருந்தை அந்தச் சீசாவிலிருந்துதான் குழைத்தார் என்று. வெடியில் தோல் வெந்து வருகிறவர்களுக்கும் அதுவேதான். எப்படியும் மாதத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். துரைசானியின் சீட்டைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவதாக எங்கள் தாய்மாமா. அம்மாவுக்கு இளையவர், பாலகாட் சுரங்கத்தில் வெடி வைக்கிறவர். அக்காவுக்கு உதவ வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார். ஒரு காலை, அம்மா ரொட்டி அடுப்பு மூட்டியிருக்கும் நேரம் பார்த்து, பங்களாச் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அக்கா, நீ தேடறது இதுலதான் கீதாம். மேஸ்திரி சொன்னான். வெயில்ல வச்சா வேர்க்கும். அந்த வேர்வையத் தொடச்சு எடுத்துக்க."

அம்மா துண்டைப் பிரித்தாள். உள்ளே டைனமைட் குச்சி ஒன்று, மெழுகுக் காகிதத்தில், ஏற்கெனவே லேசாக நைட்ரோகிளிசரின் எண்ணெய் கசிந்துகொண்டு.

அம்மா கத்தவில்லை. துண்டை மறுபடி சுற்றினாள். அவர் கையில் வைத்தாள். அடுப்பை ஒரு தரம் பார்த்தாள்.

"தம்பி, திரும்பாத. அப்படியே பின்னாடி நட. எங்க எடுத்தியோ அங்கயே வச்சுட்டு வா. யாரு கேட்டாலும் அக்கா ஊட்டுல கூழு குடிச்சேன்னு சொல்லு."

மாமா கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் போனார். கண்டுபிடித்திருந்தால் ஜெயில், தவறியிருந்தால் பங்களாவே இருந்திருக்காது. அந்தக் காகிதத்தைத் தொட்டதற்கு அம்மாவுக்கு இரண்டு நாள் மண்டை பிளக்கிற தலைவலி. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே சமைத்தாள். வெடிக்காரர்களுக்கெல்லாம் அது தினமும் வருகிற வலி என்று மாமா பிறகு சொன்னார். சங்கதியைக் கேட்ட அப்பா, "பொண்ணும் மாப்பிள்ளையும் கத்திய வச்ச ஒடனே ஒண்ணா மேல போயிருப்பாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கால் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அம்மா தட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலி சீசாவை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ருசி எப்படி இருக்கும் என்று ஆசை. கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. தண்ணீர் விட்டு அலசி, என் உள்ளங்கையில் ஊற்றினாள். நக்கிப் பார்த்தேன். எனக்கு அந்த ருசி நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில், சபையை நடத்தும் உபதேசியார்தான் வாத்தியாரும். அவரிடம் தகரத் தட்டு ஒன்றில் உறையவைத்த ஜெல்லி இருந்தது. ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் அழுத்தினால் எழுத்து ஜெல்லியில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தால் ஐம்பது பிரதி வரும். சபையில் பாட்டுத் தாள் எல்லாம் அப்படித்தான் போடுவார். மை படாத ஓரத்தில் அந்த ஜெல்லி தித்திக்கும். வகுப்பு கூட்டுகிற முறை எனக்கு வரும் நாளெல்லாம் நான் ஒரு ஓரத்தை நக்கிவிட்டுத்தான் வருவேன். உபதேசியார் பள்ளத்தைப் பார்த்துவிட்டு எலி என்று முடிவு செய்தார். பொறி வைத்தார். பிறகு ஒரு பூனையை வாங்கிவந்து பள்ளிக்கூடத்தில் வளர்த்தார். பூனை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அம்மா, ஐயாவோட ஜெல்லி" என்றேன். முழுவதையும் சொன்னேன். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள், ஓங்கின கையால் என் தோளைப் பிடித்தாள். அந்த நிமிஷமே கிளம்பினோம்.

உபதேசியார் பள்ளிக்கூட வாசலில் தாடியைச் சீவிக்கொண்டிருந்தார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"எலி இல்லீங்கய்யா. நான்தான்" என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், பூனையையும் பார்த்தார். கோபிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். ஜெல்லி காய்ச்ச அவர் எதை விடுகிறார் என்று கேட்டாள். அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்த முழுச் சீசா கிளிசரின், முத்திரைகூட உடைக்காதது.

"இதத் தொடாதம்மா. கேப்டன் மக கல்யாணத்துல நம்ம சபை ஒரு கீர்த்தனை பாடணும்னு தொரை கேட்டிருக்கார். ஏழு சரணம். எல்லார் கையிலயும் தாள் இருக்கணும், சீமையில போல. பழைய ஜெல்லிதான்" என்று என்னைப் பார்த்தார், "பாழாப் போச்சே. புதுசா காய்ச்ச இது முழுசும் வேணும்."

"தாள் எதுக்குங்கய்யா?"

"தாள் இல்லாம எப்படிப் பாடுவீங்க?"

அம்மாவுக்கு அப்போது வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"நம்ம சபையில பொம்பளைங்க முப்பது பேரு. படிக்கத் தெரிஞ்சது ரெண்டு பேரு. மீதிப் பேரு ஞாயித்துக்கெழமையில அந்தத் தாளை இன்னா பண்றோம்னு நெனைக்கிறீங்க? மரியாதைக்குப் புடிச்சுக்கினு நிக்கறோம். நான் பாதி நாளு தலைகீழாத்தான் புடிக்கிறேன். பாட்டு மனசுல கீதுங்கய்யா, தாளுல இல்ல."

உபதேசியார் தாடியைத் தடவினார். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணத்துக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குத் தாங்காது என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். இதில் ஏழு. அம்மா விடவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். கல்யாணம் புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு சபையில் தாள் இல்லாமல் ஏழு சரணமும் தடங்கல் இல்லாமல் பாடிவிட்டால் சீசா அம்மாவுக்கு. ஓர் இடம் தவறினாலும் அன்றே ஜெல்லி காய்ச்சிவிடுவார்.

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முப்பது பெண்களை ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு நேரம் வேண்டுமே. தங்கவயலில் அது கிடையாது. புருஷன் எந்த ஷிப்டோ, வீட்டுச் சமையலும் தூக்கமும் அந்த ஷிப்டு. சுரங்கத்தின் காலைச் சங்குக்குப் புருஷனை அனுப்பியவள் ஓய்கிற நேரத்தில் மதியச் சங்குக்காரி சோறு கட்டிக்கொண்டிருப்பாள். எல்லாரும் வருகிற ஒரே இடம் குழாயடி. அங்கேயும் ஒன்றாக வருவதில்லை, மூன்று கூட்டமாக வருவார்கள்.

அம்மா பாட்டையும் ஷிப்டில் விட்டாள். காலைக் கூட்டத்துக்கு அவள் சொல்லிக்கொடுப்பாள், பங்களாவுக்குப் போய்விடுவாள். காலைக் கூட்டம் குடத்தை எடுக்கும்போது, மதியக் கூட்டத்துக்கு அந்த வரியைச் சொல்லிக் கைமாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மதியக் கூட்டம் சாயங்காலக் கூட்டத்துக்கு. வரி சரியாகச் சொல்லாதவளுக்கு வரிசையில் இடம் கிடையாது. நீங்கள் யாராவது அன்றைக்குக் குழாயடியில் இருந்திருந்தால் ஞாபகம் இருக்கும். முதலில் சண்டை வந்தது, பிறகு ருசி வந்தது. எங்கள் சபையைச் சேராதவர்களும் வரிசையில் நின்று நின்று பாடம் பண்ணிவிட்டார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அக்கா நாலாவது சரணத்தை யாரைவிடவும் நன்றாகப் பாடுவாள். அவளை ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிட முடியாதே என்று அம்மாவுக்கு வருத்தம்.

ஞாயிறு வந்தது. சுரங்கத்துக்கு அன்று ஓய்வு. சபை நிறைந்திருந்தது. அப்பாவும் வந்திருந்தார். கால் போனபின் அவர் சபைப் பக்கமே வந்ததில்லை; முழங்காலில் நிற்க முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஊன்றுகோலோடு கடைசிச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார். பெண்கள் வெறுங்கையோடு நின்றார்கள். உபதேசியார் கையில் மட்டும் ஒரு தாள், பிழை பார்க்க.

முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில்தான் எங்களுக்குத் தெரிந்தது, இந்த மூன்று கூட்டமும் ஒரு தடவைகூடச் சேர்ந்து பாடியதில்லை என்று. வரி ஒன்றே, நடை மூன்றாகிவிட்டது. காலைக் கூட்டம் சங்குக்கு ஓடுகிறவர்கள், அவசரமாகப் பாடினார்கள். சாயங்காலக் கூட்டம் பிள்ளையைத் தூங்கவைக்கிற இழுப்பு. மதியக் கூட்டம் நடுவில் மாட்டிக்கொண்டு திணறியது. உபதேசியாரின் புருவம் உயர்ந்தது. அம்மா கழுத்து நரம்பு தெரியப் பாடிக் கூட்டத்தை இழுத்துப் பார்த்தாள், ஒரு குரலால் முடியவில்லை. மாட்டுக் கொட்டகையின் நாற்றமே எனக்கு மூக்கில் வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம். கல் தரையில் ஊன்றுகோல். மறுபடி டொக். அப்பா பாடவில்லை. தாளம் மட்டும் போட்டார், கீழே மரம் அறைகிறவர்கள் நாலு பேர் ஒன்றாகச் சம்மட்டி போடுவதற்குப் போடுகிற அதே நிதானத் தாளம். ஓடியவர்கள் நின்றார்கள், இழுத்தவர்கள் எட்டிப் பிடித்தார்கள். மூன்றாவது சரணத்தில் முப்பது பேரும் ஒரே குரல். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே பாடினாள், எனக்குத் தெரிந்தது. ஏழாவது சரணம் முடிந்ததும் உபதேசியார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக அலமாரிக்குப் போனார்.

"எனக்கே அஞ்சாவது சரணத்துல ரெண்டு வார்த்தை தெரியாதும்மா" என்று சொல்லித்தான் சீசாவைக் கொடுத்தார். நல்ல மனிதர். பெண்களை அளந்ததில் மட்டும் அவருக்குக் கணக்குத் தப்பியது.

அம்மா முத்திரையை உடைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எனக்கும் ஒரு சொட்டு வைத்தாள். திங்கள் முதல் பூச்சு, செவ்வாய் இரண்டாம் பூச்சு. வாழையிலைக் கூம்பில் ஐசிங்கை அடைத்து ஓரத்தில் மல்லிகை மொட்டு மாதிரி வைத்துக்கொண்டே போனாள். துரைசானி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சபையில் துரைமார்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவர்கள் கையில் அச்சடித்த தாள். அன்றைக்குப் பார்த்துக் காற்று வீசியது. அவர்கள் பாட்டுக்கு நடுவே தாள்கள் பறந்தன, பாதிப் பேர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், பாட்டு மெலிந்துபோயிற்று. பிறகு எங்கள் முறை. முப்பது பெண்கள் வெறுங்கையோடு எழுந்து நின்று ஏழு சரணமும் பாடினார்கள். அப்பா தாளம் போட்டார். ஜன்னலுக்கு வெளியே கூழ் ஊற்றும் அக்கா நாலாவது சரணத்துக்கு மட்டும் சேர்ந்துகொண்டாள். கேப்டன் தலையில் இல்லாத தொப்பியைத் தேடிக் கழற்றப் போனார் என்று மாமா சத்தியம் செய்வார். நான் பார்க்கவில்லை. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்களாவில் கேக் வெட்டும்போது வேலைக்காரர்கள் எல்லாரும் வராந்தாவில் நெருக்கியடித்து நின்றோம். கல்யாணப் பெண் கத்தியை வைத்தாள். நான் சுத்தியலை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தி பாட்டுக்கு உள்ளே இறங்கிற்று. சத்தமே இல்லை. வெட்டிய துண்டில் வெள்ளை உதிரவில்லை, நொறுங்கவில்லை. முதல் துண்டு கேப்டனுக்கு. அவர் நல்ல பல் பக்கம் வைத்து ஜாக்கிரதையாகக் கடித்தார். மென்றார். பிறகு உடைந்த பல் பக்கம் கடித்தார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார். எங்கள் வராந்தாவில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்துப் பங்களா நாய்கள் குரைத்தன.

ஆனால் யாரும் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. கல்யாணம் வரைக்கும் என்று சொன்ன கெடு முடிந்துவிட்டது. அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று பாத்திரங்களைச் சாக்கில் போடக் கயிறு தேடி வைத்தார். மறுநாள் காலை அம்மா வழக்கம்போல் என்னைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போய் அடுப்பை மூட்டினாள். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று.

துரைசானி வந்து வாசற்படியில் நின்றார். மகள் புருஷனோடு போய்விட்டதில் கண் வீங்கியிருந்தது. தினமும் காலையில் அவர் வந்து இன்னது செய், இன்னது செய்யாதே என்று உத்தரவு போடுவார். நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை. அன்று அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மாவு டப்பா பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க போய் உக்காருங்க தொரசானியம்மா. நான் பாத்துக்கறேன்."

துரைசானி போய் உட்கார்ந்தார். அவர் நாற்காலி இழுக்கிற சத்தம் உள்ளே கேட்கும்வரை அம்மா அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஓடு. அப்பா மூட்டை கட்டிக்கினு இருப்பாரு. நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு. ஊருக்கு இல்ல, இங்கதான்னு சொல்லு."